மலை ஏறிய ராஜபார்ட்

என் தங்கை காவேரியைப் பற்றி இரண்டு தவறான செய்திகள் எங்கள் பக்கத்தில் உலவுகின்றன. ராஜா வேஷம் கட்டும் யாரோ ஒரு ராஜபார்ட் நடிகர் வராமல் போனதால் அந்த வேஷம் அவளுக்குக் கிடைத்தது என்பது ஒன்று. அது 1939ஆம் வருஷம் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. வராமல் போனவர் எவரும் இல்லை. வருஷம் 1940, தை மாதம். நான் கூடவே இருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் நடந்ததை நடந்தபடி எழுத அந்தப் படிப்பு போதும்.

எங்கள் அப்பா சேலத்தில் பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு நாடகக் கம்பெனியில் சமையல்காரர். அம்மா இறந்த பிறகு எனக்கு ரயில்வேயில் வேலை பார்த்த கருப்பண்ணனைக் கட்டிவைத்துப் பொம்மிடிக்கு அனுப்பினார். காவேரிக்கு அப்போது ஒன்பது வயது. அவளைக் கம்பெனியிலேயே பாடத்துக்குச் சேர்த்துவிட்டார். காலையில் ஆர்மோனியத்தோடு பாட்டு, மத்தியானம் வசனம், சாயங்காலம் நடை. எட்டு வருஷம் படித்தாள். பதிமூன்று வயதிலேயே வாத்தியாரைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். குரல் கணீரென்று கடைசி வரிசைக்குப் போகும். ஆகவே ராஜா வேஷத்துக்கான பாடம் முழுவதையும் அவளுக்கே கொடுத்தார்கள். வாள் பிடிக்கவும், சிம்மாசனத்தில் உட்காரவும், கோபத்தில் மூன்றே அடியில் மேடையைக் கடக்கவும் அவளுக்குத் தெரியும்.

1939 ஆடியில் முதலாளியம்மா கொட்டகையைப் பேசும்படம் காட்டும் டாக்கிக்காரர்களுக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். காவேரியின் காகிதத்தில் ‘ராஜபார்ட் பாடம் முழுவதும் முடித்தவள்’ என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள்.

கம்பெனி இல்லாத நடிகருக்கு ஏஜெண்டு வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்றால் ராஜபார்ட் ஓர் ஊர், பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். இவர்களை ஒரு மேடையில் கொண்டுவந்து சேர்ப்பவர் ஏஜெண்டுதான். அவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, ஊரையும் நாளையும் வேஷத்தையும் நாலு பேர் கேட்க வாய்விட்டுச் சொல்லி நீட்டுவார். நடிகர் எடுத்துக்கொண்டால் முடிந்தது. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எடுத்த நடிகரும் மாறக் கூடாது, நீட்டிய ஏஜெண்டும் மாறக் கூடாது. மாறிய ஏஜெண்டின் தட்டில் அப்புறம் எவரும் கை வைக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஒருவர் முதன்முதலில் எந்த வேஷத்துக்கு வெற்றிலை எடுக்கிறாரோ அந்தப் பெயரே கடைசிவரை அவருக்கு நிற்கும்.

சேலத்தில் இரண்டு ஏஜெண்டுகளைப் பார்த்தோம். முதல் ஆள் காகிதத்தைப் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ராஜபார்ட்டா? மீசைய என்ன பசை போட்டு ஒட்டுவ?”

“ஆம்பளைங்க ஒட்டுற அதே பசைதானுங்க” என்றாள் காவேரி.

இரண்டாவது ஆள், “ஒன்னைய ஸ்திரீபார்ட்டா போட்டா பக்கத்துல நிக்கிற ராஜாவுக்கு முக்காலி வாங்கணும்” என்று சிரித்தார். “அப்ப என்னையே ராஜாவா போட்டுடுங்க. முக்காலி மிச்சம்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். ரயிலில் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றாள்.

மிச்சம் இருந்தவர் மாயவன். பொம்மிடி, கம்பைநல்லூர், அரூர்ப் பக்கம் எந்தத் திருவிழா நாடகமும் அவர் கையைத் தாண்டிப் போகாது. சந்தை நாள்தோறும் சேலத்திலிருந்து காலை ரயிலில் வந்து, பொம்மிடி ஸ்டேஷனை அடுத்த காப்பிக் கடையில் தட்டோடு உட்காருவார். நடிகர்களும் ஊர்ப் பெரியவர்களும் அங்கே வந்து அவரைப் பார்ப்பார்கள். காவேரியும் நானும் மாசத்துக்கு ஒன்றாக ஐந்து சந்தைக்குப் போனோம். ஐந்து தடவையும் ஒரே பேச்சு.

“ஸ்திரீபார்ட்டுனு சொல்லு, இந்த மாசமே மூணு ஊரு தரேன்.”

“நான் படிச்சது ராஜபார்ட்டுங்க.”

“படிச்சா? படிச்சதெல்லாம் ஆடிட முடியுமா? பொம்பள ராஜாவ வெச்சா ஊர்க்காரன் என்னையத்தான் கல்லால அடிப்பான்.”

அந்த நாட்களில் அவள் கடலைக் கிடங்கில் காய் உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயும் வாய் வசனத்தை விடவில்லை. கூட இருந்த பெண்கள் அவளை “ஏ மகாராசா, கூடைய நவுத்து” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவளும் ராஜா நவுத்துவது போலவே நவுத்துவாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை சேலை கட்டி ஆடினால் என்ன என்று கேட்டேன்.

“ஒருக்கா கட்டுனா அப்புறம் அதுதாங்க்கா. சாவுற மட்டும் அழுதுக்கிட்டே பின்னாடி வரணும். எட்டு வருசம் நான் என்ன படிச்சேன்னு அவனுங்களுக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?”

அடுத்த சந்தைக்கும் அவளோடு நானே கிளம்பினேன்.

ஆறாவது சந்தை தையில் வந்தது. அன்று வத்தல்மலையிலிருந்து செல்லன் வந்திருந்தார். அவர் சாமையும் புளியும் கொண்டுவந்து விற்பவர், எங்கள் வீட்டுக்கும் பழக்கம். காப்பிக் கடை வாசலில் நின்று மாயவனிடம் கேட்டார்.

“ஏனுங்க, எங்க மலைக்கும் ஒரு நாடகம் குடுங்க. மூணு வருசமா கேக்கறேன்.”

“மலைக்கா? வண்டி போவுமா?”

“வண்டி போவாதுங்க. நடந்துதான் வரோணும். பெட்டியெல்லாம் எங்காளுங்க தூக்குவாங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எந்த ராஜபார்ட் மலை ஏறுவார்? ஒருவர், “ராஜா கோமணத்தோடதான் போய்ச் சேருவாரு” என்றார். மாயவன் சிரிப்பை வளர்க்கத் தெரிந்தவர். சுற்றிலும் பார்த்தார். கண் எங்கள் மேல் விழுந்தது.

“நம்மகிட்டதான் ஒரு ராஜா சும்மா கெடக்கறாரே!” என்று தட்டில் வெற்றிலையை வைத்து, பாக்கையும் வைத்து, மேடைக் குரலில் சொன்னார்: “வத்தல்மலை, தை கடைசி வெள்ளி, ராஜபார்ட் பொம்மிடி காவேரி! வாங்க மகாராசா, எடுங்க.”

கடை அதிரச் சிரித்தார்கள். காவேரி எழுந்தாள். மூன்றே அடியில் மேஜைக்குப் போனாள். தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மாயவன் முதலில் புரியாமல் பார்த்தார்.

“ஏம்மா, வெளையாட்டுக்குச் சொன்னேன். வெய்யி அதை.”

“தட்டுல வெச்சது வெளையாட்டாங்க?” என்றாள் காவேரி.

மூலையில் ஆர்மோனியக்காரர் பச்சியப்பன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எல்லா ஏஜெண்டுகளோடும் தொழில் செய்பவர். டம்ளரைக் கீழே வைத்தார். “ஊரு சொன்னீங்க, நாளு சொன்னீங்க, வேசம் சொன்னீங்க. புள்ள எடுத்துட்டா. நாங்க அத்தன பேரும் பாத்தோம். இனி வெளையாட்டுனு சொன்னா, ஒங்க தட்டுல நாளைக்கு நாங்க எப்படிங்க கை வெக்கறது?”

அங்கே உட்கார்ந்திருந்த நடிகர்கள் ஒருவரும் மாயவனுக்காகப் பேசவில்லை. அவர்களுக்குக் காவேரி மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. அந்தத் தட்டு பொய்யானால் அவர்கள் பிழைப்பும் பொய்யாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“போ. போய் நடந்து சாவு. மலையோட ஒன் ராஜாங்கம் முடிஞ்சிது.”

ஆர்மோனியத்துக்குப் பச்சியப்பனே வருகிறேன் என்றார், ஸ்திரீபார்ட்டுக்குப் பாலக்கோட்டுத் தீர்த்தன் ஒப்புக்கொண்டார். மெலிந்த, நல்ல மனுஷர், பெண் வேஷம் மட்டுமே போடுவார். வழக்கமாக இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு தரும் மாயவன் ஒன்றுதான் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். நானும் போனேன். மேல் ஓடையைத் தாண்டும்போது பாசிப் பாறையில் தீர்த்தனின் கால் வழுக்கியது. அவர் தப்பினார், விளக்குத் தப்பவில்லை. கண்ணாடி சில்லுச் சில்லாகப் போயிற்று.

மேலே போய்ச் சேர்ந்ததும் செல்லன் உடைந்த விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நெலாவும் இல்லீங்களே” என்றார். பிறகு, “காலையில ஆடுங்க. ஒரு நா காட்டு வேல நிக்கட்டும்” என்றார்.

பச்சியப்பன் திடுக்கிட்டார். பகலில் நாடகம் ஆடியதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. தீர்த்தன் தாடையைத் தடவிக்கொண்டு, “நான் எவ்வளவு மழிச்சாலும் வெயில்ல பச்சையா தெரியும். நீ பொம்பளனு தெரியும். ரெண்டு பேரும் மாட்டுனோம்” என்றார்.

“தெரியட்டுமே. நான் என்ன திருடவா வந்திருக்கேன்?” என்றாள் காவேரி.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகு நாடகம் தொடங்கியது. மேடை என்பது ஒரு பாறை. பின்னால் இரண்டு போர்வைகளைக் கட்டியிருந்தார்கள். முகத்தில் பூசிய அரிதாரம் பகலில் செங்கல் நிறமாகத் தெரிந்தது. மீசை ஒட்டிய இடம்கூடத் தெரிந்தது. ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை. சனங்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் முதல் பாட்டை எடுத்தாள். எதிர்ச் சரிவில் அடுத்த ஊர்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பதை நான் கண்ணால் கண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

சந்தேகப்பட்டு ராணியைக் காட்டுக்குத் துரத்தும் ராஜாவின் கதை அது. துரத்தும் கட்டத்தில், முன்னால் உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு என்ற மலைக்காரப் பெண் எழுந்துவிட்டாள்.

“ஏண்டா, வவுத்துப் புள்ளையோட அவளத் தொரத்துற, நீயெல்லாம் ஆம்பளயா?”

பச்சியப்பனின் விரல் ஆர்மோனியத்தில் நின்றுவிட்டது. மீசை வைத்த பெண்ணிடம் கேட்கக் கூடிய கேள்வியா அது? காவேரி வாளை ஊன்றி அவளையே நேராகப் பார்த்தாள்.

“ஆம்பளயானு கேக்காதே. ராசானு தெரிஞ்சுதான இவ்வளவு கோவம் வருது?”

“வருதே! எறங்கி வாடா, ஒன்னைய வெளக்கமாத்துல அடிக்கிறேன்!”

மலை முழுக்கச் சிரித்தது. ஆனால் சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. உண்மையாகவே கோபத்தில் இருந்தாள். ராஜா மனம் திருந்தி ராணியைத் தேடி அழும்வரை அவள் உட்காரவும் இல்லை. தலைக்கு மேல் வெயில் வந்துதான் நாடகம் முடிந்தது.

அடுத்த சந்தைக்குச் சாமையோடு அந்தப் பேச்சும் கீழே இறங்கிவிட்டது. பட்டப்பகலில் மீசையோடு நின்று மலைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ராஜா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களே, நாமும் பார்க்க வேண்டும் என்றார்கள். மாசியில் கம்பைநல்லூர்க்காரர்கள் மாயவனிடம், “அந்த மீசைக்காரிதான் வேணும்” என்று கேட்டுவிட்டார்கள்.

மாயவன் எங்கள் வீட்டுக்கே வந்தார். என் வீட்டுக்காரர் பாய் விரித்தார். மாயவன் உட்காராமல் பேசினார்.

“ராஜபார்ட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா நோட்டீசுல ‘காவேரியப்பன்’னு போட்டுக்கலாம். கம்பைநல்லூருல கேட்டவன் நாலு பேரு. கேக்காதவன் நானூறு பேரு. நீ போய் எறங்குனப்புறம் எவன் திருப்பி அனுப்பப்போறான்?”

காவேரி கடலைக் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையெல்லாம் தூசி. “மலையில வெயில்ல நின்னேன். கம்பைநல்லூருல ஒளியணுமாங்க?” என்றாள். “காவேரினு போடுங்க. ராஜபார்ட்டு பேரு எங்க வரணுமோ அங்க, மொத வரியில போடுங்க.”

“போடலனா?”

“எனக்குக் கெடங்குல வேல இருக்குது. நீங்க வேற ராஜாவப் பாருங்க.”

“ஒன்னைய ஆரும் கூப்புடாம பண்ண எனக்குத் தெரியாதா?”

“ஆறு மாசம் பண்ணுனீங்களே. நான் செத்தா போய்ட்டேன்?”

மாயவன் ரயிலுக்குப் போய்விட்டார். ரயில் கிளம்பிய சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி அவரைத் திரும்ப அழைக்கலாம் என்று சொல்ல என் வாய்வரை வந்தது. காவேரி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

ஒன்பதாம் நாள் ஸ்டேஷனுக்குச் சேலத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. என் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ரோஸ் நிறத் தாளில் கம்பைநல்லூர் நாடக நோட்டீஸ். நான் மேலிருந்து கீழாக மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் வரியில், மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிய எழுத்தில், ‘ராஜபார்ட் – பொம்மிடி காவேரி’ என்று இருந்தது. ஓர் எழுத்துப் பிழை இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் மாயவன்தான் அவளுக்கு ஏஜெண்டு. ஒரு நாள்கூட அவள் சேலை கட்டி மேடை ஏறியதில்லை.

நோட்டீஸை அவளிடம் நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

“கம்பைநல்லூருக்கு வண்டி எத்தன மணிக்குக்கா? வாளுக்குச் சாணை புடிக்கணும்” என்றாள்.

“மர வாளுக்கு எதுக்குடி சாணை?”

“இந்தத் தடவ இரும்புல வாங்கப்போறேன்.”