ஊர் பார்க்க வந்தவர்

திருநெல்வேலிக்காரி என்று தெரிந்தால் போதும், ஆபீசில் ஆளாளுக்கு என் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். எங்கே தங்கலாம், என்னென்ன பார்க்கலாம், இரண்டு நாள் போதுமா. கையில் போன் இருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டியதுதானே? நான் பதில் சொல்வதில்லை. ஊர் சுற்றிக் காட்டும் வேலையை வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அதோடு சரி.

சென்னையிலிருந்து மூன்று பேர் ஊர் பார்க்க வருகிறார்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அப்பா, அம்மா, மகன். உண்மையில் அவர்கள் வந்தது என் அத்தையைப் பெண் பார்க்க. அதை என்னிடம் சொன்னால் தெருவெல்லாம் சொல்லிவிடுவேனாம்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பாளையங்கோட்டையில் வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே பல பேர் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்பார்கள். சொல்ல மாட்டார்கள். கடைசியாக ஒரு குடும்பம் போன அன்று அத்தை தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனிமே எவன் முன்னாலயும் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்" என்றாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அத்தை கோபப்பட்டால் அப்படி.

அதனால் பெரியப்பா வேறு ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளை வீட்டார் ஊர் பார்க்க வந்தவர்கள் மாதிரி வருவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அத்தை என் அம்மாவோடு சாமி கும்பிட வந்தவள் மாதிரி அந்தப் பக்கம் போவாள். தற்செயலாகப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெண்ணுக்குக் கௌரவம் என்பார்கள். என்ன கௌரவமோ. வாசலில் பூ விற்கிற அக்காவுக்குக்கூட யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அவர்களை எங்கே தங்க வைப்பது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. எங்கள் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. ஆனால் காரியம் முடிவாகும் முன்னால் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் கை நனைக்கக் கூடாது. படுத்து எழுந்திருப்பது அதைவிட மோசம். எனவே லாட்ஜ். நல்ல லாட்ஜாகவும் இருக்க வேண்டும். அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனால் அதற்கும் பெண்ணைத்தான் குறை சொல்வார்கள் என்றார் பெரியப்பா. லாட்ஜ் பார்க்க என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ரத வீதி லாட்ஜில் ஜன்னலைத் திறந்தால் நேரே கோபுரம் தெரிந்தது. இதுதான் வேண்டும் என்றேன்.

"கிறுக்கி, இங்கன தங்குனா டவுண் முழுக்கத் தெரிஞ்சு போவும்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஜங்ஷன் பக்கம் ஒன்று பார்த்தோம். பெரியப்பா தலையணையை முகர்ந்தார். குழாய்களைத் திறந்து மூடினார். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூட்டப்பூச்சி உண்டா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"வாடகை குடுத்தா அதுக்கும் ரூம் போடுவோம் அண்ணாச்சி. மாப்ள வீடா?"

"யாரு சொன்னா? ஊரு பாக்க வாராக. தெரிஞ்சவுக."

"தெரிஞ்சவுகளுக்கு யாரு தலகாணிய மோந்து பாக்கா? நல்லபடியா முடியும், போங்க."

பெரியப்பாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் அந்த லாட்ஜையே பேசி முடித்தார்.

கூட ஒரு சின்னப் பிள்ளை இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று அவர்களுக்கு ஊர் காட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கன வேணாலும் போங்க. அஞ்சு மணிக்கு இசைத்தூண்கிட்டக் கொண்டாந்து விட்டுரணும், என்னட்டி?" என்றார் பெரியப்பா. முந்தின நாள் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே என்னென்ன காட்டப் போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

"காலைல பத்தமடைக்குக் கூட்டிட்டுப் போ, பாய் நெய்யுறதப் பாக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆழ்வார்திருநகரி. அங்கன கோயிலுக்குள்ள ஒரு புளியமரம் உண்டு. ராத்திரி அதோட இல மூடாதாம். அத விட்டுறாத. என்ன பாத்தாரு, என்ன கேட்டாருன்னு சாயந்தரம் எங்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லணும்."

பத்தமடை மேற்கே. ஆழ்வார்திருநகரி கிழக்கே. மத்தியானம் கோயில் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும்.

அந்த மகனை மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள். மாமா நல்ல உயரம், கண்ணாடி போட்டிருந்தார். அவர் மாதிரி கேள்வி கேட்கிற பெரிய மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்டால் தலையில் குட்டு விழும். இவர் காரில் ஏறினதிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுமா, இந்த வாய்க்கால் எங்கே போகிறது, வயலுக்கு நடுவில் அந்தக் கல் மண்டபம் எதற்கு. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை நானே கட்டிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பத்தமடையில் ஒரு வீட்டில் அக்கா ஒருத்தி பட்டுப்பாய் நெய்துகொண்டிருந்தாள். கோரையை ஆற்றில் ஊறப்போட்டு நூல் மாதிரிக் கிழித்து நெய்வது. மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடலாம். அது கல்யாணப் பாய். நடுவில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது. மாமா கீழே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கும் ஒண்ணு போட்டுருவோமா தம்பி? பொண்ணு பேரச் சொல்லுங்க" என்றாள் அந்த அக்கா.

மாமாவின் அம்மா என்னைப் பார்த்தார். அவர் அப்பா தொண்டையைச் செருமினார். மாமா பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேர் இருக்கட்டும்க்கா. கோரை நேரால்ல போகுது? எழுத்துல இந்த வளைவு மட்டும் எப்படி வருது?"

அவள் காட்டினாள். அவர் தொட்டுப் பார்த்து, எண்ணிப் பார்த்து, ஒரு வரிசை தானே நெய்து, அவள் அதைப் பிரித்து மறுபடி நெய்து முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் சாப்பிட்டோம். அங்கிருந்து கிழக்கே போகச் சொன்னேன். டிரைவருக்குக் கிலோமீட்டர் ஓடினால்தான் காசு. நடை சாத்தியிருக்கும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. ஆழ்வார்திருநகரியில் இறங்கியபோது கதவு மூடியிருந்தது. பெரியவர் வாட்சைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு டவுண்ல ஒரு வேலை இருக்குப்பா. கிளம்பலாம்" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு மரத்தைப் பார்க்காமப் போறதா?" என்றார் மாமா.

"நாம எதுக்கு வந்தோம்?" என்று ஆரம்பித்த பெரியவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அவங்ககிட்ட லேட்டாகும்னு சொல்லிடுங்க. வந்தது வந்தாச்சு, கும்பிட்டுட்டே போவோம்" என்றார் அந்த அம்மா.

நடை திறந்து, சாமி பார்த்து, மரத்தடிக்கு வந்தோம். கிழட்டு மரம். இலை மூடாது என்பதைப் பகலில் பார்த்தால் எப்படித் தெரியும், இருட்டட்டும் என்றார் மாமா. பெரியவர் போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் யாரிடமோ மன்னிப்புக் கேட்டார். இருட்டிய பிறகு இலையே தெரியவில்லை. மாமா போனில் டார்ச்சைப் போட்டுக் கிளைக்குக் கிளை அடித்துப் பார்த்தார்.

"தூங்காத மரத்துக்கு டார்ச் எதுக்கு வே? அத அணையும்" என்று கோயில் ஆள் ஒருவர் சத்தம் போட்டார்.

வீட்டில் என்னை இறக்கிவிட்டுப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் பெரியப்பா காதைத் திருகினார். "அஞ்சு மணின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மூதேவி! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" எதைக் கெடுத்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தை வந்து என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆபீசுக்குக் கட்டுகிற பழைய சேலையில்தான் இருந்தாள். ஒரு தட்டில் தோசையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு."

சொன்னேன். அத்தை நடுவில் நடுவில் கேட்டாள். டிரைவரை எப்படிக் கூப்பிட்டார்? அண்ணே என்று. சாப்பிடும்போது அவரையும் கூட உட்காரச் சொன்னாரா? சொன்னார். கோயில் படியில் அம்மாவுக்குக் கை கொடுத்தாரா? கொடுத்தார். அவர் அப்பா கிளம்பச் சொன்னபோது எரிந்து விழுந்தாரா? இல்லை, சிரித்தார். டார்ச் கதையைச் சொன்னதும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இன்னொரு தோசை கொண்டுவந்து போட்டாள். நான் உற்சாகமாகக் கல்யாணப் பாய்க்குப் போனேன். அந்த அக்கா பெண் பெயரைக் கேட்டதையும் மாமா சொன்ன பதிலையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

அத்தை சிரிக்கவில்லை.

"பொறவு? நம்ம வீட்டப் பத்தி என்ன கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல."

"வீட்டுல யாரு யாரு இருக்கா, என்ன செய்யுதாகன்னு?"

"இல்ல."

"உன் பேராவது கேட்டாரா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. பாப்பான்னுதான் கூப்பிட்டாரு."

நான் சாப்பிட்டு முடித்ததும் அத்தை தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

காலையில் சென்னைக்காரர்கள் போன் செய்தார்கள். இன்னொரு நாள் லாட்ஜில் தங்குகிறோம், இன்று சாயங்காலம் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரியப்பாவுக்கு உயிர் வந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். அத்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிருங்க அண்ணே."

"ஏன்? ஆளப் பாக்கவே இல்லையே நீ!"

"பாத்துட்டேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று வீட்டில் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். பிறகு அத்தைக்குக் கல்யாணம் ஆனபோதும் சொன்னார்கள். அன்று அத்தையின் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினேன். என் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமாவைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. பஸ் வந்து அவள் ஏறுகிற வரைக்கும் கூடவே நின்று சொன்னேன்: அந்த மாமா ரொம்ப நல்லவர் அத்தை, அவர் கேட்காமல் விட்டது இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.