தொரை கேட்ட பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை எப்போதும் காற்சட்டைதான் போடுவார். கட்டம் போட்ட பாவாடையில் அவரை நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். விஷயத்தை அவர்தான் கொண்டுவந்தார். ஸ்கொட்லாந்தில் தொரையின் அண்ணன் ஒரு பெரிய குலத்துக்குத் தலைவராம். பாட்டன் பூட்டன் காலத்தில் ராசாவை எதிர்த்துச் சண்டை போட்டதால் அவர்களுடைய பட்டமும் பேரும் பறிபோயினவாம். இப்போது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அதற்குத்தான் பங்களாவில் விருந்து, அந்தப் பாவாடையும்.

அந்த வாரம்தான் எங்கள் மாமாவின் பேரைச் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், வெட்டியிருந்தார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தது குற்றம். செக்ரோலில் பேர் இருந்தால்தான் வேலை, அரிசி, குடியிருக்க லயத்து வரிசையில் ஒரு காம்பிரா. சனிக்கிழமை காம்பிராவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அத்தை வயிற்றில் பிள்ளை.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. "வாளெடுத்துச் சண்டை போட்டவங்களையே ராசா மன்னிச்சுட்டாரு. இவன் சங்கத்துக்குச் சந்தாதானே கட்டுனான்?" என்றார்.

மாமா சிரித்தார். "மச்சான், அவங்க ராசாவுக்குச் சொந்தக்காரங்க. நான் கங்காணிக்குக்கூடச் சொந்தமில்ல."

பெரியவர்கள் கேட்டால் தொரைக்குக் கோபம் வரும், பிள்ளை கேட்டால் வராது என்று, தொரைக்குப் போடும் மாலையை என் கையில் கொடுத்தார்கள். நான் யார் முன்னாலும் வாய் திறக்காத பிள்ளை. என்றாலும் விருந்தன்று மாலையை நீட்டி, அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, "எங்க மாமா பேரையும் திருப்பிக் குடுங்க, தொரை" என்று சொல்லிவிட்டேன்.

தொரை என்னைத் தூக்கி மடியில் வைத்தார். சுவரிலிருந்த படங்களைக் காட்டி, இவர் என் அப்பா, இவர் அவருடைய அப்பா என்று எங்கள் தமிழிலேயே வரிசையாகப் பேர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு, "ஒன் மாமாவோட அப்பா பேர் என்னா?" என்று கேட்டார்.

"தாத்தா" என்றேன்.

விருந்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். தொரையும் சிரித்து, ஒரு கேக் துண்டைக் கையில் வைத்து என்னை இறக்கிவிட்டார். கதவோரம் தட்டோடு நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

லயத்துக்கு ஓடிப்போய், தொரை சிரித்தார் என்று சொன்னேன். அத்தை கட்டிய மூட்டையை அவிழ்த்து, பானையை எடுத்து அடுப்பு மூட்டினாள். சனிக்கிழமை வந்த காவல்காரர்கள் அந்தப் பானையைத்தான் முதலில் வெளியே வைத்தார்கள். மாமா வடக்கே வன்னிப் பக்கம் காடு வெட்டிப் பிழைக்கப் போனார்.

இது 2009. லண்டனில், இல்ஃபோர்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்லி வாரங்கள் போய்விட்டன. அன்று அத்தை வயிற்றில் இருந்த மாமா மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மகள் ஷிப்ட் முடிந்து வந்து காலில் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அங்கும் இங்கும் போன் எடுத்து விசாரிக்கிறாள். நேற்று போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, முகாமில அந்தப் பேரில கனபேர் இருக்கினமாம். தகப்பன்ட பேர் சொல்லிட்டன். தகப்பன்ட தகப்பன் பேரும் வேணுமாம். கெதியாச் சொல்லுங்கோ."

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மகள், பிறகு எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லி போனை வைத்தாள்.

அன்று தொரையின் மடியில் இதே கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அதற்குத்தான் கேக் கிடைத்தது என்றும்.