வலப்பக்கம் திரும்பும் கழுத்து

பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் எதிரே நின்றாலே எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். அதுவும் என் கழுத்தைப் பற்றி. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல்லாவரத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். மழையில் நின்றுபோன வண்டியைத் தள்ளியபோது கழுத்து பிடித்துக்கொண்டது. வலி குறைந்த பிறகும் வலப்பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண்ணிடம் போகச் சொன்னார்கள். குழந்தைகள் வேறு ஆட்டோவில் போனார்கள்.

"அக்கா, பின்னாடி வர்ற வண்டியைத் திரும்பிப் பார்க்க முடியலைன்னா நாங்க எப்படி நம்பி அனுப்பறது? பிசியோ பொண்ணு சரின்னு சொல்லட்டும். அரைப்பரீட்சை லீவு முடிஞ்சதும் உங்ககிட்டயே அனுப்பறோம்" என்றார் ஒரு குழந்தையின் அம்மா. எல்லா அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நியாயம்தான். ஆனால் அந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

பிசியோதெரபி பெண் என் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கருவியைப் பிடித்தாள். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருந்தது. திரும்பச் சொன்னாள். நன்றாகவே திரும்பினேன்.

"ஆன்ட்டி, கழுத்து திரும்பல. நீங்கதான் திரும்புறீங்க" என்று சிரித்துவிட்டு, என் தோளைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டினாள். இப்போது பாதிகூடப் போகவில்லை.

"வலிக்குதா?"

எப்போதும் போலத் தலையை ஆட்டினேன்.

"ஐயோ, அளவு கலைஞ்சுபோச்சு! வாயால சொல்லுங்க ஆன்ட்டி."

அன்றுதான் தெரிந்தது, நான் பாதிப் பேச்சைத் தலையாலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று.

அவள் சொல்லிக் கொடுத்த பயிற்சியை மொட்டை மாடியில் செய்தேன். நாற்காலியில் என்னை நானே கட்டிக்கொண்டு, ஏர்போர்ட்டில் இறங்கும் விமானத்தைக் கண்ணோடு தலையும் சேர்ந்து போகும்படி பார்ப்பேன். முதலில் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா வந்ததுமே விமானம் என் பார்வையிலிருந்து தப்பிவிடும். அதைத் தாண்டி செல்போன் டவர். அதையும் தாண்டி மசூதி மினார். மினார்வரை போயே தீருவது என்று வைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, கட்டிப் போட்டுகினு பிளேன் பாக்குற? துபாய்க்கு ஓடிருவன்னு அண்ணன் கட்டிட்டாரா?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்பாள். சிரிப்பேன். நாற்காலியை விட்டு எழ மாட்டேன்.

விடுமுறையின் கடைசி நாள், மினாரின் உச்சி லேசாகத் தெரிகிற அளவில் மறுபடி அளக்கப் போனேன். என் வீட்டுக்காரர்தான் ஆட்டோவை ஓட்டி வந்தார்.

பிசியோ பெண் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் கொஞ்சம் வரணும். அடுத்த வாரம் பார்க்கலாமா?"

வேறு நாளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன். அன்று வாயைத் திறந்தேன்.

"வெளியே என் ஆட்டோ நிக்குது. அதுல உக்கார வெச்சுப் பாருங்கம்மா. எனக்கு அங்கதான் திரும்பணும்."

அவள் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, பின்னால் இருந்த கம்பியோடு தோளைக் கட்டினாள். வலப்பக்கமாகப் பின்னால் போய் நின்றாள்.

"பின்னாடி வர்ற பைக் நான்தான். எத்தனை விரல்?"

"மூணு."

இன்னும் பின்னால் போனாள். "இப்ப?"

"ஒண்ணு. கையை மாத்திட்டீங்க."

நிஜமாகவே ஒரு பைக் வந்து ஹாரன் அடித்தது. "இன்னாம்மா, ரோட்ல ஜோசியமா?" என்று ஓட்டி வந்தவன் கத்தினான். அவன் வருவதையும் நான் பார்த்துவிட்டேன்.

"வண்டிக்கு இது போதும் ஆன்ட்டி. பயிற்சியை மட்டும் விடாதீங்க" என்றவள், அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அவளே போன் செய்து சொன்னாள். பிறகு என்னைக் கேட்டாள்: "நாளைக்கு ஓட்டுறீங்களா?"

தலை ஆடப் போனது. நிறுத்திக்கொண்டு, "ஓட்டுறேன்" என்றேன்.

மறுநாள் காலை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல். கொஞ்சம் தாமதமாகத்தான் இறக்கிவிட்டேன்.