வினாகிரியும் வெட்டுக்கோடும்

ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலின் மூடியைத் திறந்ததும் மூக்குக்குள் ஊசி ஏற்றியதுபோல் ஒரு நெடி ஏறும். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நெடிதான். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் கிடையாது. அதனால் சிநேகிதி திலகமும் நானும் தனி அனுமதி பெற்று, பக்கத்திலிருந்த ஆண்கள் கல்லூரிக்குப் போய் இரசாயனம் படித்தோம். அனுமதியும் மூன்று மாதத் தவணை ஒன்றுக்குத்தான். "சோதினையில பின்னுக்கு நிண்டால், வீட்டில இருந்து தையல் பழகுங்கோ" என்று அக்கல்லூரித் தலைமையாசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கோ டாக்டராக வேண்டும். இரசாயனம் போனால் அதுவும் போச்சு.

அமிலமும் காரமும் சேரும்போது உண்மையில் மாறுவது எது என்று எழுதும் அயன் சமன்பாட்டைக் கந்தையா மாஸ்டர் படிப்பித்தார். "கலியாண வீட்டுக்கு வந்த சனம் சாப்பிட்டிட்டு, வந்தமாதிரியே திரும்பிப் போகும். மாறினது மாப்பிளையும் பொம்பிளையும்தான். மற்றவையை வெட்டு!" என்பார். ஐதரோகுளோரிக் அமிலமும் காரமான கோஸ்டிக் சோடாவும் தண்ணீரில் மின்னேற்றமுள்ள அயன்களாகப் பிரிந்து நிற்கும்; ஒன்றில் மற்றதை ஊற்றினால் சோடியமும் குளோரைட்டும் வெறும் சனம். சமன்பாட்டின் இருபக்கமும் அப்படியே நிற்பதால் கோடு போட்டு வெட்டிவிடலாம். மிஞ்சுவது, ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் கூடித் தண்ணீராவது ஒன்றுதான். நைத்திரிக் அமிலம் என்றாலும் அதே மிச்சம். பையன்களுக்குக் கொண்டாட்டம்! எந்த அமிலம் என்று பாராமலே விடையை எழுதித் தள்ளப் பழகிவிட்டார்கள்.

தவணைச் சோதனையில் மாஸ்டர், ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியின் அமிலத்துக்கு இந்தச் சமன்பாட்டைக் கேட்டிருந்தார். என் பேனையும் பழக்கதோஷத்தில் ஓடப் பார்த்தது. அப்போதுதான் ஆய்வுகூடத்துப் பல்ப் நினைவுக்கு வந்தது. கம்பிகளை ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்தபோது பளிச்சென்று எரிந்த அதே பல்ப், வினாகிரியில் அழுது வடிந்தது. பிரிந்த அயன்கள்தானே மின்சாரத்தைக் கொண்டுபோகும்? அப்படியென்றால் இந்த அமிலம் பெரும்பாலும் பிரியாமல் முழுசாகவே நிற்கிறது. பிரியாததில் பாதியை எப்படி வெட்டுவது? அமிலத்தை முழுசாக எழுதி, சோடியத்தை மட்டும் வெட்டினேன்.

விடைத்தாள்களோடு வந்த மாஸ்டர், "இதைச் சரியா எழுதினது ஒராள்தான்" என்று என் பெயரைச் சொன்னார். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன், "வினாகிரி குசினிச் சாமான்தானே சேர், அதுதான் பொம்பிளைப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். விடுவேனா? எழும்பி நின்றேன். "உங்கட வீட்டுக் குசினியிலயும் இருக்குத்தானே? பிறகேன் வெட்டினனீங்கள்?" வகுப்பே கொல்லென்று சிரித்தது, மாஸ்டரும்தான். மாஸ்டர் கொண்டுபோய்க் காட்டிய என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தலைமையாசிரியர், "சரி, தொடர்ந்து வரட்டும்" என்றார். அடடா, அந்தச் சந்தோஷம்! திலகமும் நானும் கைகோத்துக்கொண்டு சந்திவரை ஓடினோம்.

அந்த ஆய்வுகூடம் இன்றில்லை. இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். மாஸ்டரும் போய்விட்டார். நான் டாக்டராகிப் பல காலம். போன கிழமை என் மகளுக்கு இந்த அனுமதிக் கதையைச் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

"சும்மா புளுகாதீங்கோ அம்மா. கெமிஸ்ட்ரி படிக்கிறதுக்கு ஆரிட்டயும் கேக்கவேணுமே?"