நான்கு மாத நீர்மட்டம்

வரதராஜன்பேட்டைக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஓரத்தில் ஒரு பழைய பஞ்சாயத்துக் கிணறு இருக்கிறது. இப்போது அதில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. அரசாங்கம் அதற்குக் கண்காணிப்புக் கிணறு என்று பேர் வைத்து, சுவரில் ஒரு நம்பரும் எழுதிவிட்டது. மாதம் ஒருமுறை யாராவது நீர்மட்டத்தை அளந்து சொல்ல வேண்டும். அந்த யாராவது, பதினெட்டு வருஷமாக சவரிராஜ்தான்.

பத்தாம் தேதி காலை பல் விளக்கியதும் கிளம்பிவிடுவார். நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து இறக்குவார். நனைந்த இடம் வரை பார்த்து, கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்து நோட்டில் எழுதுவார். ஆபீசிலிருந்து போன் வந்ததும் எண்ணைச் சொல்வார். எண் குறைந்தால் தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மொத்தத்தில் அரை மணி நேர வேலை. ஆனால் மனைவி தெரசம்மாள் போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நாளாக இருந்தது. மற்ற நாட்கள் விடிந்தன, சாய்ந்தன, அவ்வளவுதான். பிள்ளைகள் கிடையாது. உலையில் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று மூன்று வருஷமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சும். மிஞ்சியதை மறுநாள் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். ஊரில் யாரும் அவரை ஒதுக்கவில்லை. பார்த்தால் “என்ன கெணத்துக்காரரே, தண்ணி எங்க நிக்குது?” என்று கேட்பார்கள். பதிலைக் கேட்க யாரும் நிற்பதில்லை, கேள்வியை வீசிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படியிருக்க, இந்த ஆனி மாதத்தில் ஒருநாள் பெரம்பலூர் நிலத்தடி நீர் ஆபீசிலிருந்து போன் வந்தது. பத்தாம் தேதியும் இல்லை. பேசியது பிரவீணா என்ற பெண் என்ஜினியர்.

“ஐயா, உங்க கெணத்து நோட்ட எடுத்துக்கிட்டு ஒரு தடவ ஆபீசுக்கு வந்துட்டுப் போக முடியுமா? ஒரு சந்தேகம்.”

 என்ன சந்தேகம் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது.

ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி மாறிப் பெரம்பலூர் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. பிரவீணாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டிபன் பாக்சைத் திறந்து பாதியில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

“இது அரியலூர், பெரம்பலூர் ரெண்டு ஜில்லாவும் சேர்ந்த படம் ஐயா. கட்டம் கட்டமா பிரிச்சிருக்கோம். ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்வளவு மழை பேஞ்சுது, மண்ணு எப்படி, ஏரி ஓடையில எவ்வளவு தண்ணி, எத்தன போர்வெல் இழுக்குது, எல்லாத்தயும் குடுத்தாச்சு. அத வச்சு எந்த மாசம் பூமிக்குள்ள தண்ணி எங்க நிக்கும்னு கம்ப்யூட்டரே கணக்குப் போடுது. அது போட்ட கணக்கு சரியான்னு உங்கள மாதிரி ஆளுங்க அளந்தத வச்சுத்தான் பாக்கணும்.”

நீலக் கோடு கம்ப்யூட்டர் போட்டது, சிவப்புப் புள்ளிகள் அவர் அளந்தவை. பதினெட்டு வருஷம் ஒரே திரையில் நீளமாகக் கிடந்தது. கோடு ஏறினால் புள்ளியும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. யாரும் பார்க்காத வேலை என்று நினைத்திருந்ததோடு ஒரு எந்திரம் இத்தனை ஒழுங்காக ஒத்துப்போவதைப் பார்த்ததும் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு மளமளவென்று மேலே ஏறியிருந்தது. நாலு புள்ளிகள் அடியிலேயே கிடந்தன.

“மூணு வருசத்துக்கு முந்தி, அக்டோபர்லேருந்து ஜனவரி வரைக்கும்” என்றாள் பிரவீணா. “அந்த வருசம் உங்க பக்கம் நல்ல மழை. சுத்தி இருக்கிற எல்லாக் கெணத்துலயும் தண்ணி ஏறிடுச்சு. உங்களுது மட்டும் பதிமூணு மீட்டருக்குக் கீழயே நிக்குது. பிப்ரவரில திடீர்னு அஞ்சு புள்ளி எட்டு. எனக்குப் புரியல. பக்கத்துல யாராச்சும் பெரிய மோட்டார் வச்சு அந்த நாலு மாசமும் எறச்சாங்களா? ராஜவேல்னு ஒருத்தரோட போர்வெல் இருக்கே.”

சவரிராஜ் நோட்டை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“காரணம் தெரியலன்னா என்ன செய்வீங்க மேடம்?”

“கெணத்தையே எடுத்துடணும். நாலு தப்புன்னா மிச்சத்த எப்படி நம்புறதுன்னு மேல கேப்பாங்க. பதினெட்டு வருசமும் போயிடும்.”

நல்ல பெண், வழியையும் அவளே காட்டிவிட்டாள். ஆமாம், ராஜவேல் இறைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிணறும் தப்பும், பத்தாம் தேதியும் தப்பும். சவரிராஜ் நல்லவர்தான், ஆனால் அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இத்தனைக்கும் ராஜவேல் அந்த வருஷம் மோட்டாரைத் தொடக்கூட இல்லை. நடவு வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகியது என்று பின்னால் புலம்பியிருக்கிறான். இல்லாத மோட்டாரை இந்தப் படத்துக்குள் ஓடவிட்டால், நாளைக்கு அந்தக் கட்டத்தில் இவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதைக் கேட்டு யாருக்காவது போர்வெல் அனுமதி இல்லை என்பார்கள்.

“யாரும் எறைக்கல மேடம்” என்றார். “நான் அளக்கல.”

பிரவீணா திரும்பிப் பார்த்தாள்.

“வூட்டுக்காரிய திருச்சி ஆஸ்பத்திரில வச்சிருந்தேன். செப்டம்பர் கடைசில சேத்தது. ஜனவரி முடியுற வரைக்கும் ஊருக்கே வரல. அவளப் பாத்துக்க வேற ஆளும் இல்ல. பத்தாம் தேதியானா ஆபீசுலேருந்து போன் வந்துரும். வராண்டால நின்னுக்கிட்டு, முந்துன வருசம் அதே மாசத்துல என்ன இருந்துச்சோ அத நோட்டப் பாத்து சொல்லிட்டேன். அது காஞ்ச வருசம். இது மழ வருசம்னு நான் யோசிக்கல.”

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே ஐயா. அளக்க முடியலன்னா முடியலன்னு போட்டுருப்போமே.”

“சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்கன்னு பயம்.”

அவள் நோட்டை வாங்கி வருஷம் வருஷமாகப் புரட்டினாள். மற்ற பக்கங்களில் அடித்தல் இருந்தது, நாடா சிக்கியது, நாய் கிணற்றில் விழுந்து கிடந்தது என்றெல்லாம் குறிப்பு இருந்தது. அந்த நாலு மாதம் மட்டும் ஒரே பேனாவில் சுத்தமாக இருந்தது. அவள் நாலு புள்ளிகளையும் அழித்தாள். அந்த இடம் வெறுமையாக நின்றது, பதினெட்டு வருஷத்தில் மிச்சமெல்லாம் அப்படியே தங்கிவிட்டது.

“கெணறு இருக்கும். ஆனா இத நான் எழுதித்தான் ஆகணும் ஐயா. எழுதினா உங்கள வச்சுக்க மாட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து உங்க ஊரு அங்கன்வாடி சுமதி அளக்கட்டும்னு சொல்லுவாங்க.”

“எழுதுங்க மேடம்” என்றார்.  இனி பத்தாம் தேதியும் மற்ற தேதிகளோடு சேர்ந்துகொள்ளும். எழுந்து கதவுவரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

“அந்த நாலு மாசம் தண்ணி நெசமா எங்க நின்னுச்சுன்னு இது சொல்லுமா?”

“கணக்குப்படி சொல்லும்.” அவள் எண்களைப் படித்தாள். “அக்டோபர் பன்னெண்டரை. நவம்பர் ஏழு புள்ளி ஒம்போது. டிசம்பர் நாலு புள்ளி மூணு. உங்க பதினெட்டு வருசத்துலயே அதான் ஒசரம்.”

“டிசம்பர்ல நாலு” என்றார் சவரிராஜ். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், தெரசம்மாள் கண் விழித்துத் தெளிவாகப் பேசினாள். ஆவணியில் அவளே குழி வெட்டி நட்ட நாற்பது முந்திரிக் கன்றுகளைப் பற்றித்தான் கேட்டாள்.

“ஏங்க, நம்மூர்ல மழ உண்டா? கன்னெல்லாம் என்னாச்சு?”

இரண்டு வாரம் முன்பு போனில் பதிமூன்று புள்ளி இரண்டு என்று சொன்னது போல, அவர் யாரையும் கேட்காமல், யோசிக்காமல் அதே வாயால் சொன்னார். “ஏது மழ. இங்க தூறுறதோட சரி. கெணறு வத்திக் கெடக்கு. கன்னு போனா போவுது, அடுத்த வருசம் வச்சுக்கலாம்.” அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அதற்குப் பிறகு கன்றுகளைப் பற்றிப் பேசவே இல்லை. ஜனவரி கடைசியில் போய்விட்டாள். அவர் ஊருக்கு வந்தபோது நாற்பது கன்றும் இடுப்பளவு தழைத்து நின்றன. அப்போதிருந்த நிலையில் பச்சை எது, காய்ந்தது எது என்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றுவரை அதை அவர் சேர்த்து நினைத்துப் பார்த்ததும் இல்லை.

பிரவீணா தண்ணீர் பாட்டிலை நகர்த்திக் கொடுத்தாள். “விடுங்க ஐயா. தப்பா சொன்னதத்தான் இப்ப சரி பண்ணியாச்சே.”

“உங்ககிட்ட சொன்னத அழிச்சிட்டீங்க மேடம்” என்றார் சவரிராஜ். “அவகிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, பாதியில் வைத்த டிபன் பாக்சை மூடினாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க வெளியே வந்தார்.