பின் சீட்டுக்கு அடியில் ஒரு மூடி

ஜெலுத்தோங்கில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு டுரியான் பழப் பருவத்தில், மலைத்தோட்டத்துக்கு ஓடும் தன் ஃபோர்வீல் ஜீப்பை ஓர் அக்கா இழுவை லாரியில் கொண்டுவந்தார். டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் செத்துவிட்டது.

“பின் சீட்டைத் தூக்குங்க தம்பி. அடியில மூடி இருக்கு, பம்பு கைக்கே வந்துரும். தோட்டத்துல பழம் விழுந்து கிடக்கு, மத்தியானத்துக்குள்ள போவணும்.”

“இருபது வருசமா இதே வேலைதாங்க்கா. போய் உட்காருங்க லா,” என்றேன்.

ஓர் ஆண் சொல்லியிருந்தால் சீட்டைத் தூக்கிப் பார்த்திருப்பேன். சொல்லவே கூசுகிறது.

வண்டிக்கு அடியில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினேன். இரண்டு உடைந்தன. முகமெல்லாம் பெட்ரோல். மதியம் தாண்டித்தான் டாங்கியை இறக்கி ஓரமாக இழுத்தேன்.

அப்போது தலைக்கு மேல் ஏதோ கழன்றது. வட்டமாக வெளிச்சம் விழுந்தது. கையில் என் ஸ்குரூடிரைவரோடு அக்கா அந்த ஓட்டை வழியே குனிந்து பார்த்தார்.

“தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?”

உடைந்த போல்ட்டுகளால் வண்டி மறுநாள்தான் மலையேறியது. பாதிப் பழம் வெடித்துப் போயிருக்கும். 

அன்று அவர் சிரித்திருந்தால், நான் கோபப்பட்டாவது இந்தக் கூச்சத்திலிருந்து தப்பித்திருப்பேன்.