திறந்த கார்டில் போன போர்த்திட்டம்

அன்று கம்ப்யூட்டர் அறையில் இருந்தது இரண்டே பேர்: இயற்பியல் ஆசிரியர் ஜெயராஜ் சார், லேப் அசிஸ்டென்டாக இருந்த நான். மூன்றாவது ஆட்டக்காரரான ஸ்டெல்லா டீச்சர் இல்லை. பி.எட். படிக்க மதுரைக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

எண்பதுகளில் எங்கள் கொடைக்கானல் பள்ளிக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது. மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்தில் முதலில் காலேஜ் படித்தவன் நான். அந்தப் பெட்டியைத் துடைத்து மூடுவது என் வேலை. பள்ளி விட்டதும் மூவரும் அதில் விண்வெளிப் போர் ஆடுவோம். திரையில் எண் போட்ட இருபது கிரகம். டர்ன் வரும்போது எங்கிருந்து எங்கே எத்தனை கப்பல் என்று அடிக்க வேண்டும். கிளம்பிய கப்பலைத் திருப்ப முடியாது. போய்ச் சேர மூன்று டர்ன் ஆகும். கடைசிக் கிரகத்தையும் இழந்தவர் ஆட்டத்துக்கு வெளியே.

நானும் ஸ்டெல்லா டீச்சரும் கூட்டணி. மதுரைக்குக் கிளம்பும்போது, "என் டர்னைப் போஸ்ட் கார்டுல எழுதி அனுப்புறேன். நீங்க அடிச்சுருங்க," என்றார்.

"இன்லேண்ட் லெட்டர்ல எழுதுங்களேன். கார்டுன்னா சார் படிச்சுருவாரு."

"ஐயோ, ஒட்டுன லெட்டர் ஹாஸ்டலுக்குப் போக வர இருந்தா வார்டனுக்கு யாரு பதில் சொல்றது? கார்டே இருக்கட்டுங்க."

வாரம் ஒரு கார்டு வந்தது. 'ஏழிலிருந்து மூன்றுக்கு 12 கப்பல். இங்கே வெயில் தாங்கவில்லை. அங்கே மேகம் இறங்கிவிட்டதா?' கப்பல் கணக்கை ஒருமுறை படிப்பேன். மேகத்தை விசாரித்த வரியைப் பலமுறை. பதிலுக்கு நானும் கப்பல் கணக்கே எழுதுவேன். கடைசியில், 'இறங்கிவிட்டது.' அதற்கு மேல் கார்டில் எழுத முடியுமா?

போகப் போக அவருக்கு ஏழாம் கிரகம் ஒன்றுதான் மிஞ்சியது. சாரின் தலைமைக் கிரகத்தை இருவரும் ஒரே டர்னில் தாக்கினால் பிழைக்கலாம் என்று எழுதினேன். 'சம்மதம். என் 18 கப்பலும் போகட்டும்' என்று அவருடைய கார்டு வந்து ஆபீஸ் ரேக்கில் கிடந்தது. மாலையில் அவருடைய பதினெட்டையும் என் இருபத்துநான்கையும் அனுப்பினேன்.

அடுத்த டர்ன் சாருடையது. தலைமைக் கிரகத்தில் ஏற்கெனவே அறுபது கப்பலைக் குவித்து வைத்திருந்தார். இப்போது ஏழாம் கிரகத்தைக் குறிவைத்து அடித்துவிட்டு, என்டரைத் தட்டுமுன் என்னைப் பார்த்தார்.

"ஏலே முத்து, ஏழு காலியால்ல கெடக்கு?"

"சார், அது அடுத்தவங்க கார்டு!"

"போஸ்ட்மேன் படிக்கலாம், பியூன் படிக்கலாம், எதிரி படிக்கக் கூடாதாக்கும்?"

"அதை விட்டுருங்க சார். என்னோடதுல ரெண்டு கிரகம் எடுத்துக்கங்க."

சார் கையை எடுத்தார். "ஒண்ணுக்கு ரெண்டா? அப்படி என்னலே இருக்கு அதுல?"

நான் பெட்டியைத் துடைக்கிற துணியை எடுத்து மடித்தேன். "சொல்லமாட்டே. வெரசா முடிப்போம், சோலி கெடக்கு," என்று சார் என்டரைத் தட்டினார்.

கப்பல்களும் ஏழாம் கிரகமும் போன விஷயத்தை எழுதிப் போட்டேன். 'பரவாயில்லைங்க. சாருக்கு வாழ்த்துச் சொல்லுங்க' என்று ஒரு கார்டு வந்தது. பிறகு அவர் எழுதக் காரணம் இல்லை. நானும் எழுதவில்லை.

இப்போது ஆடுகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கூட்டாளிக்கு எழுதுவதை ஒட்டி அனுப்புங்கள். பேச்சுவார்த்தையில் எதைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எதிராளி அதன் மதிப்புத் தெரியாமலே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் இருவருக்கும் மொத்த இழப்பு: நாற்பத்திரண்டு கப்பல், ஒரு கிரகம்.